கோகலேக்குப் பின் வந்தவர்

நம் தமிழ் மாணவர் மன்றத்தின் தொண்டுக் குழுவை நீங்கள் அறிவீர்கள். ஞாயிறுதோறும் காலையில் ஐந்தாறு பேர் பேருந்து ஏறிக் கட்கிப் பக்கம் போவோம். தமிழ்க் குடும்பங்கள் நெருங்கி வாழும் குடியிருப்பு ஒன்றில், சிறிய அம்மன் கோயிலின் கூடத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துக் கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் சொல்லிக்கொடுப்போம். அவர்கள் பள்ளியில் மராத்தியில் படிக்கிறவர்கள். ஆகையால் கடைசி அரைமணி நேரம் தமிழ் எழுத்து. வீட்டில் தமிழ் பேசி, வீதியில் மராத்தி பேசும் அந்தப் பிள்ளைகள், தம் பெயரைத் தமிழில் முதன்முதல் எழுதிப் பார்க்கும்போது அவர்கள் முகத்தில் தோன்றும் மகிழ்ச்சிக்காகவே நாங்கள் போனோம் என்றுகூடச் சொல்லலாம்.

இந்தக் குழுவை நான்கு ஆண்டுகளுக்கு முன்பு தொடங்கியவர், கணிதத் துறையில் ஆராய்ச்சி செய்துவந்த ஓர் அண்ணன். தம் பெயர் அச்சில் வருவதை அவர் விரும்பியதில்லை. ஆகவே இங்கும் அதை எழுதவில்லை. சென்ற ஆடி மாதம் காய்ச்சல் என்று படுத்தார். ஐந்தாம் நாள் அவர் இல்லை. அவருடைய தந்தையார் ஊரிலிருந்து வந்து, விடுதி அறையிலிருந்த புத்தகங்களை எங்களிடமே கொடுத்துவிட்டுப் போனார். அவற்றுள் ஒரு நீல நிறக் குறிப்பேடு இருந்தது. அதில் முப்பத்தோரு பிள்ளைகளின் பெயர்கள். எவனுக்குக் கண்ணாடி வேண்டும், எவளுடைய தாய் இரவு வேலைக்குப் போகிறாள், எவன் பெருக்கல் வாய்பாட்டில் ஏழோடு நிற்கிறான் என்பதெல்லாம் அவர் கையெழுத்தில் இருந்தன.

அதன் பிறகு மூன்று ஞாயிறு ஒருவரும் போகவில்லை. நான்காம் ஞாயிறு போனபோது ஒன்பது பிள்ளைகளே வந்தனர். அன்று மாலை கூடிப் பேசினோம். குழுவை மரியாதையோடு முடித்துவிடலாம் என்றார் ஒருவர். நகரிலுள்ள பெரிய தொண்டு நிறுவனம் ஒன்றோடு சேர்த்துவிடலாம் என்றார் மற்றொருவர். கடைசியில் எல்லாரும் சேர்ந்து, இனி நீ பார்த்துக்கொள் என்று என்னைக் கைகாட்டினர். அலமாரிச் சாவி என்னிடம் இருந்தது என்பதைத் தவிர வேறு தகுதி எனக்குத் தெரியவில்லை. இரண்டு வாரம் தவணை கேட்டேன்.

அந்த இரண்டு வாரத்தில்தான் நான் வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியாரைப் படித்தேன். அந்தக் கதையையே இங்கே உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

புனே நகரத்தில் ஃபெர்கூசன் கல்லூரிக்குப் பின்னால் ஒரு சிறு குன்று இருப்பது நம் எல்லாருக்கும் தெரியும். மாலையில் காற்று வாங்கப் போகிறோம். அங்கேதான் 1905-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் கோபால கிருஷ்ண கோகலே இந்திய ஊழியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். இது பலரும் அறிந்த செய்தி. பத்தாண்டு நிறைவதற்குள் கோகலே மறைந்தார் என்பதும் அறிந்ததே. ஆனால் அவருக்குப் பிறகு அந்தச் சங்கத்தை யார் நடத்தினார் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. தொடங்கியவரை உலகம் நினைவில் வைத்துக்கொள்கிறது. தொடர்ந்தவரை எளிதில் மறந்துவிடுகிறது. நூலகத்தில் தேடியபோதுதான் தெரிந்தது, அவர் எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர் என்று. நான் மன்னார்குடியில் பிறந்தவன். கும்பகோணம் போகும் பேருந்து நீடாமங்கலம் தாண்டி வலங்கைமான் வழியாகத்தான் போகும். பாடைகட்டி மாரியம்மன் கோயிலையும் வெடிக் கடைகளையும் சன்னல் வழியாக எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். கோகலேயின் இடத்தில் அமர்ந்தவர் பிறந்த ஊர் அது என்பதை, ஆயிரம் கல்லுக்கு அப்பால் வந்துதான் தெரிந்துகொண்டேன்.

1869-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் வலங்கைமானில் ஓர் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் சீனிவாசன் பிறந்தார். படிப்பு கும்பகோணத்தில். அந்தக் காலத்தில் அவ்வூர்க் கல்லூரிக்குப் பெரிய பெயர் இருந்தது. 1888-இல் பி.ஏ. தேர்வில் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் உயர்ந்த தேர்ச்சி பெற்று வெளிவந்தார். அவருக்கு வாய்த்த தொழில் ஆசிரியத் தொழில். மாயூரத்திலும் சேலத்திலும் பணி செய்து, பின்பு சென்னைத் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியரானார்.

பள்ளி ஆசிரியராக இருந்த காலத்திலேயே அவரிடம் இரண்டு இயல்புகள் தெரிந்தன. ஒன்று, சொல்லில் நுணுக்கம். ஆங்கிலச் சொல் ஒன்று இடம் தவறி விழுந்தாலும் அவர் செவிக்குப் பொறுக்காது. மற்றொன்று, பொதுக் காரியத்தில் கைகொடுக்கும் பழக்கம். 1904-இல் திருவல்லிக்கேணியில் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கப்பட்டது. நடுத்தரக் குடும்பத்தார் அரிசியும் பருப்பும் நல்ல எடையில் நியாயமான விலையில் வாங்குவதற்காக ஏற்பட்ட அந்தச் சங்கம், நாட்டின் முதல் கூட்டுறவுப் பண்டகசாலைகளுள் ஒன்று. அதைத் தொடங்கியவர்களில் சாஸ்திரியாரும் ஒருவர். பிற்காலத்தில் பேரரசுகளின் மாநாட்டில் பேசிய வாய், முதலில் அரிசி மூட்டையைப் பற்றிப் பேசியது என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அந்தச் சமயத்தில் புனேயில் கோகலே ஒரு புதிய முயற்சியில் இறங்கியிருந்தார். ஓய்வு நேரத்தில் செய்யும் தொண்டு போதாது. தொண்டையே வாழ்வாகக் கொண்டவர்கள் வேண்டும். அவர்களுக்கு முறையான பயிற்சியும் வேண்டும் என்பது அவர் கருத்து. அவரோடு முதலில் சேர்ந்தவர்கள் மூவர்: என். ஏ. திராவிட், ஏ. வி. பட்வர்த்தன், கோ. கி. தேவதர். சேருகிறவர் ஏழு உறுதிமொழிகள் எடுக்க வேண்டும். நாட்டின் நலனே நெஞ்சில் முதலிடம் பெற வேண்டும்; தன்னலம் கருதாமல் உழைக்க வேண்டும்; சாதி சமய வேறுபாடின்றி இந்தியர் அனைவரையும் உடன்பிறந்தாராக எண்ண வேண்டும்; சங்கம் கொடுக்கும் சிறு தொகையோடு நிறைவடைந்து, தமக்கென்று பொருள் தேடாதிருக்க வேண்டும்; தூய வாழ்க்கை வாழ வேண்டும்; எவரோடும் சொந்தப் பூசல் கூடாது; சங்கத்தின் குறிக்கோளுக்கு மாறாக ஒன்றும் செய்யக் கூடாது. இவையே அந்த ஏழின் சாரம். அதற்கு மேல் ஐந்தாண்டுப் பயிற்சி.

இந்தத் திட்டத்தைப் படித்த சாஸ்திரியார் கோகலேக்குக் கடிதம் எழுதினார். 1906 இறுதியில் கல்கத்தாவில் காங்கிரசு கூடியபோது இருவரும் சந்தித்தனர். 1907 சனவரியில் சாஸ்திரியார் சங்கத்தில் சேர்ந்தார். அப்பொழுது அவருக்கு வயது முப்பத்தேழு. குடும்பம் உண்டு, பெயர் பெற்ற பள்ளியில் தலைமைப் பதவி உண்டு, மாணவர்களிடம் மதிப்பு உண்டு. இருபத்து மூன்று வயதில் ஒன்றும் இல்லாதவன் ஒன்றை விடுவது எளிது. முப்பத்தேழு வயதில், இருப்பதை விட்டுவிட்டு மற்றொருவரிடம் பயிற்சி மாணவராகப் போய் உட்கார்வது அவ்வளவு எளிதன்று. அதை அவர் செய்தார். சில ஆண்டுகளில் சங்கத்தின் சென்னைக் கிளையை நடத்தும் பொறுப்பும் அவரிடம் வந்தது.

இனி 1915-ஆம் ஆண்டுக்கு வருவோம். கோகலேக்கு நெடுநாளாக நீரிழிவு நோய். உழைப்போ குறையவில்லை. அந்த ஆண்டு சனவரியில் காந்தியடிகள் தென்னாப்பிரிக்காவிலிருந்து நாடு திரும்பினார். பிப்ரவரியில் புனேக்கு வந்தபோது, அவரை வரவேற்க ஒரு சிறு விருந்துக்கு ஏற்பாடு செய்தார் கோகலே. உடம்பு இடங்கொடாத நிலையிலும் விருந்துக்கு எழுந்து வந்தார். வந்த இடத்தில் மயங்கி விழுந்தார். சில நாட்களில், பிப்ரவரி 19-ஆம் நாள், உயிர் பிரிந்தது. வயது நாற்பத்தெட்டு. வாழ்நாளெல்லாம் அவரோடு மாறுபட்டு நின்ற திலகரே சுடுகாட்டில் நின்று அவர் பெருமையைப் பேசினார்.

ஊர் அழுதது, நாடு அழுதது. ஆனால் மறுநாள் காலையில் சங்கத்து இல்லத்தில் விழித்தெழுந்தவர்களின் கவலை வேறு. தங்களைத் தேர்ந்தெடுத்தவர் அவர், பயிற்றுவித்தவர் அவர், பணம் திரட்டியவர் அவர், ஊருக்கும் அரசுக்கும் முன் சங்கத்தின் முகமாக விளங்கியவர் அவர். அவர் பெயரே சங்கத்தின் முதலாக இருந்தது. அந்த முதல் இப்போது இல்லை.

உறுப்பினர்கள் சாஸ்திரியாரைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தனர். இந்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்துச் சிறிது நேரம் யோசித்தேன். சங்கத்தில் அவருக்கு முன்பே சேர்ந்தவர்கள் இருந்தனர். தேவதர் தொடக்க நாள் முதல் இருந்தவர். சங்கம் இருப்பதோ மராத்திய நாட்டின் நடுவில். இவரோ காவிரிக் கரையிலிருந்து வந்த தமிழர். மராத்தி இவர் தாய்மொழி அன்று. கோகலேயைப் போலக் கணக்கையும் புள்ளிவிவரத்தையும் அடுக்கி வரவுசெலவுத் திட்டத்தை அலசும் கைவன்மையும் இவருக்குரியதன்று; இவர் இலக்கியத்தில் தோய்ந்தவர். கோகலேயின் நாற்காலியில் அமர்ந்து கோகலேயாக நடிக்க முயன்றிருந்தால் இரண்டே மாதத்தில் தோற்றிருப்பார்.

அவர் அப்படி முயலவில்லை. என்ன செய்தார் என்பதை மூன்று செய்திகளால் காட்டலாம் என்று நினைக்கிறேன்.

முதற்செய்தி, வேலை நிற்கவில்லை என்பது. கோகலே மறைந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஏப்ரலில் அரித்துவாரத்தில் கும்பமேளா வந்தது. இலட்சக்கணக்கில் மக்கள் கூடும் இடம். காலராவும் கூடவே வரும் இடம். இந்திய ஊழியர் சங்கம் ஒரு பெரிய தொண்டர் படையை அங்கே அனுப்பியது. இருதயநாத் குன்சுரு அதற்குத் தலைமை தாங்கினார். காந்தியடிகளும் தம் பீனிக்சு ஆசிரமத்துத் தோழர்களோடு அங்கு வந்து சேர்ந்துகொண்டார். அவர்கள் ஏற்ற வேலை, கழிப்பிடக் குழிகளில் மண் போட்டு மூடித் துப்புரவாக வைப்பது. துக்கம் காக்க வேண்டிய மாதத்தில் சங்கத்தார் மண்வெட்டி ஏந்திக் கங்கைக் கரையில் நின்றனர். தலைவருக்கு அவர்கள் எடுத்த நினைவுச் சின்னம் அதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. மூன்று ஞாயிறு வீணாக்கிய எங்களை எண்ணி நாணினேன்.

இரண்டாம் செய்தி கடினமானது. காந்தியடிகள் சங்கத்தில் உறுப்பினராகச் சேர விரும்பினார். கோகலேயின் விருப்பமும் அதுவே. காந்தியடிகள் தொடங்கப்போகும் ஆசிரமத்துக்கு வேண்டிய பணத்தைச் சங்கக் கணக்கிலிருந்து கொடுக்கும்படி கோகலே ஏற்பாடும் செய்திருந்தார். ஆனால் உறுப்பினர்களிடையே கருத்து ஒன்றுபடவில்லை. ஒரு சாரார் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்றனர். மற்றொரு சாரார், அவருடைய கொள்கையும் வழிமுறையும் வேறு. அவரைச் சேர்த்தால் சங்கம் தன் நோக்கத்தையே மாற்றிக்கொள்ள நேரும் என்று அஞ்சினர். புதிய தலைவர் முன்னால் வந்து நின்ற முதற் சோதனை இது. சேர்த்தால் சங்கம் உடையலாம். மறுத்தால் மறைந்த தலைவரின் விருப்பத்தை மீறியதாகும். மாமனிதர் ஒருவரை வாசலில் நிறுத்தியதாகவும் ஆகும்.

எவர் வாயையும் அடைக்காமல் வாதம் நடந்தது. அவசரமாக வாக்கெடுத்து ஒரு பக்கத்தாரைத் தோற்கடிக்கவும் இல்லை. உறுப்பினர்கள் தம் ஐயங்களை மறைக்காமல் சொன்னதால், காந்தியடிகளுக்கு நிலைமை தெளிவாகப் புரிந்தது. பிளவுக்குத் தாம் காரணமாகக் கூடாது என்று எண்ணி, தம் விண்ணப்பத்தைப் பற்றி மேலும் கூட்டம் கூட்ட வேண்டாமென்று சாஸ்திரியாருக்கு அவரே கடிதம் எழுதி விலகிக்கொண்டார். விலகிய பின் அவருக்கும் சங்கத்தாருக்கும் இருந்த அன்பு குறையவில்லை. அவரை எதிர்த்தவர்களோடும் நட்பு வளர்ந்தது. சங்கத்தார் எடுத்த முடிவு சரியா தவறா என்று இன்றும் வாதிடலாம். காந்தியடிகள் சேர்ந்திருந்தால் சங்கத்தின் வரலாறு வேறாகியிருக்கும். ஒருவேளை சங்கமே வேறாகியிருக்கும். ஒன்று மட்டும் உறுதி. கருத்து வேற்றுமை பகையாகாமல் காத்தது சங்கத்தாருக்கும் காந்தியடிகளுக்கும் சேர்ந்த பெருமை. சொந்தப் பூசல் கூடாது என்ற உறுதிமொழி ஏட்டோடு நின்றுவிடவில்லை.

மூன்றாம் செய்திதான் எனக்கு மிகவும் பயன்பட்டது. கோகலே செய்த எல்லா வேலைகளையும் சாஸ்திரியார் தம் தோளில் ஏற்றிக்கொள்ளவில்லை. அவரவர் நாட்டத்துக்கு ஏற்ற துறையில் உறுப்பினர்கள் வளர்ந்தனர். தேவதர் கூட்டுறவு இயக்கத்திலும், இரமாபாய் ரானடேயோடு சேர்ந்து 1909-இல் புனேயில் தொடங்கிய சேவாசதனத்தின் வழியாகப் பெண் கல்வியிலும் உழைத்தார். என். எம். சோசி பம்பாய்த் தொழிலாளரிடையே வேலை செய்தார். 1920-இல் அனைத்திந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசு தோன்றியபோது முன்னின்றவர்களுள் அவரும் ஒருவர். பம்பாய் நகராட்சியில் பொறியாளராக இருந்து 1914-இல் சங்கத்தில் சேர்ந்த தக்கர் பாபா, 1922-இல் பீல் பழங்குடி மக்களுக்காக ஒரு சேவா மண்டலம் கண்டார். வடக்கே குன்சுரு சேவா சமிதிப் பணியிலும் சாரணர் இயக்கத்திலும் ஈடுபட்டார். ஒருவர் சுமந்த பாரம் பலர் தோளுக்குப் பிரிந்தது. பிரிந்ததால் குறையவில்லை, பெருகியது.

தலைவருக்கென்று எஞ்சியது தமக்குக் கைவந்த கலை: பேச்சும் எழுத்தும். கோகலேயின் மூன்றாம் ஆண்டு நினைவு நாளாகிய 1918 பிப்ரவரி 19 அன்று சங்கத்தின் சார்பில் ஓர் ஆங்கில வார இதழ் வெளிவந்தது. சாஸ்திரியார் அதன் முதல் ஆசிரியர். 1919 பிப்ரவரியில் பேரரசுச் சட்டமன்றத்தில் ரௌலட் சட்டத்தை எதிர்த்து அவர் ஆற்றிய உரை நாடெங்கும் பேசப்பட்டது. அந்த விவாதத்தைக் கேட்க வந்திருந்த காந்தியடிகள், வைசிராய் அந்தச் சொற்பெருக்கில் தம்மை மறந்து அமர்ந்திருந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். ஆனால் சட்டம் நிறைவேறியது. நல்ல பேச்சு எப்போதும் வெல்வதில்லை. அதற்காகப் பேசாதிருக்கவும் முடியாது.

அதன்பின் அவர் புகழ் கடல் கடந்தது. 1921-இல் இலண்டன் பேரரசு மாநாடு, செனீவாவில் சர்வதேச சங்கம், வாசிங்டனில் கடற்படைக் குறைப்பு மாநாடு. 1922-இல் ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, கனடா நாடுகளில் சுற்றுப்பயணம். சென்ற இடமெல்லாம் அங்கே குடியேறிய இந்தியரின் உரிமைக்காக வாதாடினார். வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு. 1923-இல் கென்யா இந்தியரின் கோரிக்கை தோற்றபோது அவர் மனம் மிகவும் நொந்தது. உடல் நலமும் குன்றியது.

1927-இல் கேப்டவுன் உடன்படிக்கை ஏற்பட்ட பின், தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதற் பிரதிநிதியாகச் சாஸ்திரியார் அனுப்பப்பட்டார். காந்தியடிகளும் அவரே போக வேண்டும் என்று விரும்பினார். அந்த ஆண்டே சங்கத் தலைமை தேவதரிடம் சென்றது. நண்பர்களே, இந்த ஒரு வரியைப் புத்தகங்கள் அரைகுறையாகச் சொல்லிவிட்டுப் போகின்றன. எனக்கோ இதுவே அவர் வாழ்க்கையின் சிறந்த செய்தியாகப் படுகிறது. கோகலேயிடமிருந்து தலைமை மாறியபோது நடுவில் ஒரு சிதை எரிந்தது. சாஸ்திரியாரிடமிருந்து தலைமை மாறியபோது அவர் உயிரோடு இருந்தார். மூத்த உறுப்பினர் ஒருவர் பொறுப்பேற்றார். இவர் கப்பல் ஏறினார். சங்கம் அதன் வழியே நடந்தது. பன்னிரண்டு ஆண்டுத் தலைமையில் அவர் செய்த பெரிய காரியம், தாம் இல்லாமலும் நடக்கக்கூடிய ஒரு சங்கத்தை விட்டுச் சென்றதுதான்.

தென்னாப்பிரிக்காவில் அவர் இருந்தது ஓராண்டும் சில மாதங்களுமே. அங்கே இந்தியப் பிள்ளைகளுக்கு உயர்நிலைக் கல்வி பெற வழி மிகக் குறுகலாக இருந்தது. ஆசிரியர் பயிற்சிக்கும் இடமில்லை. ஊர் ஊராகச் சென்று இந்தியக் குடிகளிடம் நன்கொடை திரட்டினார். கரும்புத் தோட்டத்துக்குக் கூலியாகப் போனவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் தம்மால் இயன்றதைத் தந்தனர். அவர்களுள் பலர் நம் தமிழர். அப்படி எழுந்ததே டர்பன் நகரத்துச் சாஸ்திரிக் கல்லூரி. 1929-இல் அது திறக்கப்பட்டபோது அவர் அங்கு இல்லை, நாடு திரும்பிவிட்டார். திருவல்லிக்கேணித் தலைமையாசிரியர் கடைசியில் ஒரு பள்ளிக்கூடத்தையே விட்டுச் சென்றார்.

அவரைக் குறையில்லாத மனிதராகக் காட்ட நான் விரும்பவில்லை. அவர் மிதவாதி. ஒத்துழையாமையையும் சட்டமறுப்பையும் அவர் ஏற்கவில்லை. ஆங்கிலேயரின் நியாய உணர்வில் அவர் வைத்த நம்பிக்கை, நாடு அதைக் கைவிட்ட பிறகும் நெடுநாள் நீடித்தது. சிறைக்குப் போன இலட்சக்கணக்கானவர்களின் கண்ணுக்கு அவர் அரசின் பக்கத்து மனிதராகத் தெரிந்ததில் வியப்பில்லை. சர் பட்டத்தை ஏற்க மறுத்தவர், பேரரசு தந்த வேறு சிறப்புகளை ஏற்றார். மற்றொரு குறை அறிவியல் மாணவனாகிய என் நெஞ்சைத் தொடுவது. 1940-இல் சென்னை அரசு கலைச்சொல் ஆக்கத்துக்கு ஒரு குழு அமைத்தபோது அதற்குத் தலைவர் அவர். தமிழ் வேர்ச் சொற்களைவிட வடமொழிக்கும் ஆங்கிலத்துக்கும் அக்குழு சாய்ந்தது என்று தமிழறிஞர் பலர் கிளர்ந்தெழுந்தனர். பன்னிரண்டாம் வகுப்பு வரை வேதியியலைத் தமிழில் படித்தவன் என்ற முறையில் நான் அந்தத் தமிழறிஞர் பக்கமே நிற்பேன். ஆனால் ஒருவரிடம் ஒரு பாடம் கற்பதற்கு அவருடைய எல்லா முடிவுகளையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.

1935 முதல் 1940 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தார். 1944-இல், எழுபத்தைந்தை எட்டும் வயதில், மயிலாப்பூரில் இராமாயணத்தைப் பற்றி முப்பது சொற்பொழிவுகள் செய்தார். 1946 தொடக்கத்தில் சென்னை மருத்துவமனையில் நோயுற்றுக் கிடந்தபோது, காந்தியடிகள் அவரைத் தேடி வந்து பார்த்தார். முப்பதாண்டுக் காலம் அரசியலில் எதிரெதிர்த் துறையில் நின்ற இருவர். அண்ணன் தம்பி போல் ஒருவரை ஒருவர் மதித்தவர்கள். அவ்வாண்டு ஏப்ரல் 17-ஆம் நாள் சாஸ்திரியார் காலமானார். விடுதலைக்கு இன்னும் பதினாறு மாதங்கள் இருந்தன.

இந்தக் கதையைப் படித்து முடித்த அன்று, நீல நிறக் குறிப்பேட்டை எடுத்து மறுபடியும் புரட்டினேன். அதுவரை அதைத் திறக்கும்போதெல்லாம் எனக்கு அச்சமே உண்டாகும். முப்பத்தோரு பிள்ளைகளையும் அவ்வளவு நுணுக்கமாக அறிந்த ஒருவருடைய இடத்தை நான் எப்படி நிரப்புவது? அன்றுதான் ஒன்று விளங்கியது. நிரப்ப வேண்டியதில்லை. அந்த இடம் அவருடையதாகவே இருக்கட்டும். குறிப்பேட்டில் உள்ள வேலைகள்தாம் நடக்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் அந்த முப்பத்தோரு பெயர்களையும் நான்கு தாள்களில் பிரித்து எழுதிக்கொண்டு போனேன். கணக்குப் பாடத்தை இயற்பியல் நண்பர் ஏற்றார். வீடுகளுக்குப் போய்ப் பெற்றோரைக் காணும் வேலையைத் தங்கை ஒருத்தி ஏற்றாள். அதற்கு நான் கொஞ்சமும் பொருத்தமில்லாதவன் என்பதை அவள் நன்கு அறிவாள். கண்ணாடி, மருந்து, நோட்டுப் புத்தகம் இவற்றுக்குப் பணம் சேர்ப்பவர் ஒருவர். தமிழ் எழுத்தும் அலமாரிச் சாவியும் எனக்கு. பெரிய நிறுவனத்தோடு சேர்ந்துவிடலாம் என்று சொன்ன நண்பரின் கருத்தையும் முழுதாகப் பேசினோம். ஒப்பாதவர்கள் காரணம் சொன்னார்கள், அவர் சினக்கவில்லை. இப்போது அவர்தான் எங்கள் பணக்கணக்கைப் பார்க்கிறார்.

நான் ஒரே ஒரு நிபந்தனை விதித்தேன். பொறுப்பு ஓராண்டுக்கு மட்டும். ஆண்டு முடிவில், நான் இங்கே இருக்கும்போதே, நல்ல உடம்போடு இருக்கும்போதே, அடுத்தவரைத் தேர்ந்தெடுத்துச் சாவியைக் கொடுத்துவிடுவேன். அண்ணன் இருந்தபோது அவருக்குப் பிறகு யார் என்று நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. பேசுவதே அமங்கலம் என்று நினைத்தோம் போலும். அது பிழை. அன்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

சென்ற ஞாயிறு இருபத்திரண்டு பிள்ளைகள் வந்தனர். ஏழாம் வாய்பாட்டில் நின்ற பையன் இப்போது எட்டில் நிற்கிறான். இன்னும் ஒன்பது பிள்ளைகள் திரும்பவில்லை. இரண்டு குடும்பங்கள் வீடு மாறிவிட்டன என்று கேள்வி. தேடிப் போக ஆள் வேண்டும்.

முதலாண்டில் புதிதாகச் சேர்ந்துள்ள தம்பி தங்கையரே, உங்களில் ஒருவரிடம்தான் அந்தச் சாவி வரப்போகிறது. யாரிடம் என்று எனக்கு இன்னும் தெரியாது. வருகிற ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பல்கலைக்கழக வாயிலுக்கு வாருங்கள். பேருந்துக்குச் சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.